'ஃபாஸ்டர்' என்றால் வளர்ப்பா, பேணலா, ஊட்டலா? கையேடு மொழிபெயர்ப்பில் ஒரு முடிச்சு

கொக்கிரகுளம் கேட்டது:

எல்லாருக்கும் வணக்கம். குழந்தைகள் பாதுகாப்பு பற்றிய ஆங்கிலக் கையேடு ஒன்று தமிழாகிறது. வாசிக்கப்போவது நம்ம பக்கத்து அங்கன்வாடி ஊழியர்களும் சுயஉதவிக் குழுப் பெண்களும். அதில் 'ஃபாஸ்டர்' என்ற ஒரே சொல் நாலு இடத்தில் நாலு முகத்தோடு நிற்கிறது.

ஒண்ணு, 'ஃபாஸ்டர் கேர்', 'ஃபாஸ்டர் பேரன்ட்ஸ்'. ரெண்டு, புதுசாக வந்த பிள்ளைக்கும் வீட்டாருக்கும் நடுவே நம்பிக்கையை 'ஃபாஸ்டர்' பண்ணணும் என்கிற வரி. மூணு, பிள்ளைகளை ஒப்பிட்டுப் பேசுவது மனக்கசப்பை 'ஃபாஸ்டர்' பண்ணும் என்று ஒரு எச்சரிக்கை. நாலு, முஸ்லிம் குடும்பங்களின் உறவுமுறை பற்றிய பத்தியில் 'ஃபாஸ்டர் மதர்', 'ஃபாஸ்டர் சிஸ்டர்'.

முதல் வரைவில் நாலுக்கும் 'வளர்ப்பு' என்றே போட்டிருக்கிறது. தத்தெடுப்புக்கும் அதே 'வளர்ப்பு'தான். வாசித்தால் ஒண்ணும் பிடிபடவில்லை. இந்தச் சொல்லின் அடிப்பொருள் என்ன, எங்கிருந்து வந்தது? 'நர்ச்சர்' என்பதிலிருந்து எங்கே பிரிகிறது? 'போற்று', 'போஷி' இதுகளோடு சம்பந்தம் உண்டா?

வடக்குரதவீதி:

வேரைப் பாத்திட்டா மத்தது தானா வரும். ஃபாஸ்டருக்கு அடியில் இருப்பது சோறு. வேற ஒண்ணுமில்லை.

பழைய ஆங்கிலத்தில் 'ஃபோஸ்டர்' என்பது பெயர்ச்சொல். உணவு, ஊட்டம், ஊட்டி ஆளாக்குதல் எல்லாம் அதன் பொருள். வினை 'ஃபோஸ்ட்ரியன்', அதாவது உணவு கொடுத்தல். இதன் உடன்பிறப்புகள் ஃபுட், ஃபீட், அப்புறம் மாட்டுத் தீவனத்தைச் சொல்லும் ஃபாடர். 'ஃபுட்' என்ற பெயரின் உயிரொலி மாறி 'ஃபீட்' என்ற வினை பிறந்தது. ரத்தத்தைச் சொல்லும் 'பிளட்', ரத்தம் வடிவதைச் சொல்லும் 'பிளீட்' ஆனதும் இதே வழியில்தான். தமிழில் ஊண், ஊட்டு என்ற சோடியைப் பக்கத்தில் வைத்துப் பாருங்க. இரண்டு மொழிக்கும் உறவில்லை, ஆனால் எண்ணம் ஒண்ணு.

பொருள் படிப்படியாக விரிந்திருக்கிறது. முதலில் சோறு. 1200-ஐ ஒட்டி, பிள்ளையைப் பெற்றவரைப் போல வளர்ப்பது என்ற பொருள் வினைக்கு வந்துவிட்டது. நம்பிக்கை, ஒற்றுமை, பகை மாதிரி கண்ணுக்குத் தெரியாத சங்கதிகளை வளர்ப்பது 1560-களில் வந்து சேர்ந்தது. உங்க கையேட்டின் ரெண்டாவது, மூணாவது வரி இந்தக் கடைசிப் படியில் நிற்குது. நாலாவது முதல் படியில் நிற்குது. அதனாலதான் ஒரே சொல் போட்டா ஒட்டல.

இன்னும் பின்னால் போனா, ஆங்கிலம், லத்தீன், வடமொழி மூணுக்கும் மூலமான இந்தோ-ஐரோப்பிய மொழியில் ஊட்டு, கா என்ற பொருளில் 'பா' என்ற வேர். லத்தீனில் அது 'மேய்' என்கிற வினையாகி, அதிலிருந்து மேய்ப்பனைக் குறிக்கும் 'பாஸ்டர்' வந்தது. ஆமா, நம்ம ஊர்ச் சபைகளில் கூப்பிடுகிற அதே பாஸ்டர்தான். லத்தீனில் 'ப' இருக்கிற இடத்தில் ஆங்கிலம் மாதிரியான ஜெர்மானிய மொழிகளில் 'ஃப' வரும். தந்தையைச் சொல்லும் 'பாட்டெர்' அங்கே ஃபாதர், மீனைச் சொல்லும் 'பிஸ்கிஸ்' அங்கே ஃபிஷ். இந்த ஒலிமாற்றத்தை ஜெர்மன் மொழியறிஞர் யாக்கோப் கிரிம் 1822-இல் விதியாக எழுதி வைத்தார். ஆக, நம்ம நாக்கில் பாஸ்டரும் ஃபாஸ்டரும் ஒண்ணாக ஒலிப்பதைத் தப்புன்னு சிரிக்க வேண்டாம். ரெண்டும் ஒரே வயிற்றுப் பிள்ளைங்க. வடமொழியில் கோபாலன், பரிபாலனம் என்பதில் வரும் 'பா'வும் இதே வேர்தான்.

ஒரு சின்ன வேடிக்கை. திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தை 1856-இல் வெளியிட்ட கால்டுவெல் சபைப் பணி செய்தது இடையன்குடியில். பாஸ்டர் என்றாலும் மேய்ப்பன், ஊர்ப் பெயரிலும் ஓர் இடையன்.

'நர்ச்சர்' வேறு வீட்டுப் பிள்ளை. லத்தீனில் 'நூட்ரீரே' என்றால் பாலூட்டு, ஊட்டி வளர். 1066-இல் நார்மானியர் இங்கிலாந்தைப் பிடித்த பிறகு பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குள் வந்தது. நரிஷ், நர்ஸ், நர்சரி, நியூட்ரிஷன் எல்லாம் அந்தக் குடும்பம். ஆங்கிலக்காரனிடம் ஏற்கெனவே ஃபாஸ்டர் இருந்தது, பிரெஞ்சுக்காரன் நர்ச்சரைக் கொண்டுவந்தான். ரெண்டும் ஊட்டுதலில் தொடங்கினாலும் இப்போ வேலையைப் பங்கு போட்டுக்கொண்டன. பெற்ற தாயும் 'நர்ச்சர்' செய்யலாம். பிள்ளை வளர்ப்பு என்று வரும்போது 'ஃபாஸ்டர்' செய்பவர் பெற்றவர் அல்லாதவர். 1874-இல் ஆங்கில அறிவியலாளர் ஃபிரான்சிஸ் கால்ட்டன் பிறவி இயல்பையும் வளர்ப்பையும் எதிரெதிரே வைத்து எழுதியபோது எடுத்தது நர்ச்சரைத்தான். அங்கே ஃபாஸ்டர் பொருந்தாது.

தேரிமணல்:

போற்று, ஃபாஸ்டர் ரெண்டும் பொருளிலும் ஒலியிலும் இவ்வளவு கிட்ட இருக்கே. தமிழ்லேருந்து போயிருக்க வாய்ப்பே இல்லையா? 'பால்' என்ற சொல்லும் 'பா'வில்தானே தொடங்குது?

வடக்குரதவீதி:

இல்லை வே. ஒலி ஒத்திருப்பது சாட்சி ஆகாது, மாற்றம் விதிப்படி நடந்திருக்கணும். ஃபாஸ்டரில் இருக்கும் 'ஸ்ட்', 'ஃபோட்' என்ற அடியோடு ஒரு விகுதி ஒட்டும்போது உண்டானது. போற்றுவில் உள்ள 'ற்று' தமிழுக்குள்ளேயே விளைந்தது. ரெண்டுக்கும் பிறந்த கதை வேறு. 'பால்' திராவிடச் சொல். கோபாலனில் இருக்கும் 'பால' வடமொழி, காப்பவன் என்று பொருள். மாடு மேய்ப்பவன் பெயருக்குள் பால் தெரிவது கண்ணுக்கு விருந்து, அவ்வளவுதான். 'போஷி' வருவது செழித்தலைக் குறிக்கும் 'புஷ்' என்ற வடமொழி வேரிலிருந்து. புஷ்டி, போஷாக்கு எல்லாம் அதுதான். அதுவும் இந்த 'பா'வும் வேறு வேறு.

ஆனா சொற்கள் தனித்தனியாகப் பிறந்து ஒரே பாதையில் நடந்த கதை ஒண்ணு இருக்கு, அது இதைவிட ருசி. லத்தீனில் 'நூட்ரிக்ஸ்' என்றால் பாலூட்டி வளர்க்கும் தாய். அவள்தான் தேய்ந்து நர்ஸ் ஆனாள். தமிழில் அகப்பாடல்களின் செவிலித்தாய், தலைவியைத் தூக்கி வளர்த்தவள். நற்றாய் பெற்றவள். தோழி அந்தச் செவிலியின் மகள் என்று தொல்காப்பியமே சொல்லுது. ஆக தோழி, தலைவிக்கு 'ஃபாஸ்டர் சிஸ்டர்'. அந்தச் செவிலிதான் இன்னைக்கு ஐகிரவுண்ட் ஆஸ்பத்திரியில் ஊசி போடும் செவிலியர். வடமொழி 'தாத்ரி'யும் பால் கொடுப்பவள்தான். இலங்கைத் தமிழில் அவள் தாதி ஆகி மருத்துவமனைக்குப் போய்விட்டாள். மூணு மொழி, மூணு வேர், ஒரே வேலைமாற்றம்.

கையேட்டுக்கு 'செவிலித்தாய்' போடலாமேன்னு யாரும் வராதீங்க. அர்த்தம் மிகச் சரி, ஆனா வாசிக்கிறவங்க நர்சம்மான்னு நினைச்சிருவாங்க.

கரிசக்காட்டான்:

இந்தச் சொல்லோட பழைய பொருள் இன்னும் சாகாமல் கிடக்கிற இடம் ஆட்டுப் பட்டி. இங்கிலீஷ்ல ஆட்டுக்காரன் 'ஃபாஸ்டர்' பண்ணுதான்னா, தாய் செத்த குட்டியையோ, மூணு குட்டி ஈன்ற ஆட்டின் மிச்சக் குட்டியையோ இன்னொரு தாயிடம் ஊட்ட விடுதான்னு அர்த்தம். செய்யுற முறையைப் பார்த்தா சொல்லும் விளங்கும்.

தாய் தன் குட்டியை மணத்தை வச்சுத்தான் அடையாளம் பிடிக்குது. ஈன்ற ஓரிரு மணி நேரம் நக்கி நக்கி அந்த மணத்தை மனசுல ஏத்திக்கிடும். அதுக்குப் பொறவு வேற மணத்தோட வந்து மடியில் வாய் வைக்கிற குட்டியை முட்டித் தள்ளிரும். அதனால இந்த வேலைக்கு நேரம்தான் முக்கியம். ஈன்ற அன்னைக்கே, முடிஞ்சா அந்த ஒரு மணி நேரத்துக்குள்ளேயே பண்ணணும்.

ஆடு ஈனும்போது வடியுற பனிக்குட நீரை ஒரு சட்டியில் பிடிங்க. அநாதைக் குட்டியின் தலை, முதுகு, முக்கியமா வாலடி, பின்பக்கம் எல்லாம் நல்லா ஈரமாகுற மாதிரித் தடவுங்க. குட்டி ஊட்டும்போது தாய் திரும்பி மோந்து பார்க்கிற இடம் அந்த வாலடிதான், அங்கே விட்டுப்போனா எல்லாம் போச்சு. முதலில் அநாதைக் குட்டியைத் தாய் மூக்குக்கு முன்னால வைங்க. நக்கத் தொடங்கின பொறவு அதோட சொந்தக் குட்டியை விடுங்க. அநாதைக் குட்டி ரெண்டு மூணு நாள் ஆனது, துள்ளி ஓடுதுன்னா தாய் இது இப்போ பிறந்ததில்லைன்னு கண்டுபிடிச்சிரும். காலைத் துணியால் லேசாக் கட்டி அரை மணி நேரம் படுக்க வச்சு, நக்கி முடிச்சதும் அவுத்து விட்டிரணும்.

தாயின் சொந்தக் குட்டி செத்துப் பிறந்திருந்தா, அதன் தோலை உரிச்சு அநாதைக் குட்டிக்குச் சட்டை மாதிரி மாட்டி ரெண்டு மூணு நாள் விடுறதும் பழைய முறை. அதுக்கு மேல விட்டா வெயிலுக்குத் தோல் நாறி ஈ மொய்க்கும், கழட்டிரணும்.

தாயையும் குட்டியையும் நாலுக்கு அஞ்சு அடி மறைப்புக்குள்ள மூணு நாலு நாள் தனியா வைக்கணும். பட்டியோட விட்டா தாய் விலகிப் போயிரும். இதுக்கிடையில சீம்பாலை மறக்கக் கூடாது. குட்டியின் எடையில் கிலோவுக்கு 50 மில்லி கணக்கு, பிறந்த ரெண்டு மணி நேரத்துக்குள்ள உள்ள போகணும். முதல் 24 மணி நேரத்தில் மொத்தம் கிலோவுக்கு 200 மில்லி. ரெண்டு கிலோ குட்டின்னா முதலில் 100, நாள் முழுக்க 400. தாய் ஒத்துக்கிட்டுச்சான்னு குட்டியின் வாலைப் பாருங்க. பால் இறங்கினா வால் ஆடும், வயிறு ரெண்டு பக்கமும் நிறைஞ்சிருக்கும். முதுகைக் கூனி, ஒட்டின வயிறோட, ஓயாம கத்திக்கிட்டு நின்னா ஊட்டல் நடக்கல.

கவனிச்சீங்களா, முதல்ல பால், பொறவுதான் உறவு. ஃபாஸ்டரும் அதே வரிசையில வந்த சொல்தான்.

மேலப்பாளையத்தான்:

நாலாவது பத்திக்கு மட்டும் சொல்கிறேன், அங்கே 'வளர்ப்புத் தாய்' என்று போட்டால் அர்த்தம் தலைகீழாகிவிடும்.

குர்ஆனில் (4:23) மணக்கக் கூடாத உறவுகளைச் சொல்லும் இடத்தில் பாலூட்டிய தாயும் அந்த வழிச் சகோதரியும் வருகிறார்கள். ஆங்கில மொழிபெயர்ப்புகள் பலவற்றில் அதற்கு ஃபாஸ்டர் மதர், ஃபாஸ்டர் சிஸ்டர். தமிழில் நாம் சொல்வது பால்குடித் தாய், பால்குடிச் சகோதரி. இங்கே கணக்கில் வருவது பால் மட்டும்தான். இஸ்லாமியச் சட்ட வழிகளில் ஒன்றான ஷாஃபிஈ வழியில் குழந்தைக்கு இரண்டு வயது நிறைவதற்குள் தனித்தனியாக ஐந்து முறை ஊட்டியிருக்க வேண்டும். இன்னொன்றான ஹனஃபி வழியில் எண்ணிக்கை இல்லை, ஒரு முறை உள்ளே போனாலே உறவு ஏற்பட்டுவிடும். ஊட்டியவளின் பிள்ளைகள் அந்தக் குழந்தைக்கு உடன்பிறப்பு முறை, மணமுடிக்க முடியாது. சொத்துரிமை மட்டும் வராது.

இப்போ பாருங்கள். ஒரு பெண் பாலூட்டாமல் பத்து வருசம் ஒரு பிள்ளையை வளர்த்தாலும் இந்த உறவு உண்டாகாது. வளர்க்காமல் ஐந்து முறை பால் கொடுத்தவளுக்கு உண்டாகும். 'வளர்ப்புத் தாய்' என்று அச்சடித்துவிட்டால், எந்தப் பிள்ளைக்கும் எந்தப் பிள்ளைக்கும் மணம் கூடாது என்பதில் குழப்பம் வரும். எளிதில் தீராத குழப்பம் அது.

பொதிகைச்சாரல்:

சட்டப் பகுதிக்கு வருவோம், அங்கேதான் தவறினால் ஆளுக்கே சேதம்.

2015-ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டத்தில் 44-ஆம் பிரிவு ஃபாஸ்டர் கேரைப் பற்றியது. பெற்ற குடும்பத்தில் இருக்க முடியாத பிள்ளையை, குழந்தைகள் நலக் குழுவின் ஆணைப்படி வேறொரு குடும்பத்தில் குறிப்பிட்ட காலத்துக்கு வைத்துப் பராமரிப்பது. பிள்ளை அந்தக் குடும்பத்தின் வாரிசு ஆகாது. தத்தெடுப்பு முற்றிலும் வேறு. அதில் பிள்ளை சட்டப்படி அந்த வீட்டுப் பிள்ளையே ஆகிவிடும். 'தத்து' என்ற சொல்லுக்கே கொடுக்கப்பட்டது என்று பொருள், கொடுத்தால் கொடுத்ததுதான். ஃபாஸ்டரில் கொடை இல்லை, ஊட்டல்தான் இருக்கு. ரெண்டுக்கும் 'வளர்ப்பு' போட்ட உங்க முதல் வரைவை வாசித்துவிட்டு ஒரு குடும்பம், பிள்ளை இனி நமக்குத்தான் என்று நினைத்து மனு போட வரும். ஆறு மாதத்தில் பெற்ற தாய் தேறி வந்து கேட்டால் அழுகைதான் மிஞ்சும்.

அதனால் தத்தெடுப்பை 'தத்து' என்றே வையுங்க. நம்ம பக்கத்தில் 'சுவீகாரம்' என்று சொன்னாலும் விளங்கும். ஃபாஸ்டர் கேருக்கு 'வளர்ப்புப் பராமரிப்பு' என்ற சொல் ஏற்கெனவே புழக்கத்தில் இருக்கு. ஆனா அதுமட்டும் போதாது. முதல் தடவை வரும்போது 'தத்து அல்ல. குறிப்பிட்ட காலத்துக்கு வேறொரு குடும்பம் பிள்ளையை வைத்துப் பார்த்துக்கொள்வது' என்று ஒரு வரி சேருங்க. ஃபாஸ்டர் பேரன்ட்ஸை 'வளர்ப்புப் பெற்றோர்' ஆக்காமல் 'பராமரிக்கும் குடும்பம்' என்று போடுங்க. ஏன்னா செய்தித்தாளில் 'வளர்ப்புத் தந்தை' என்று வந்தால் பாதிச் செய்தியில் அது தாயின் இரண்டாம் கணவர். ஆங்கிலத்தில் அவர் 'ஸ்டெப்ஃபாதர்'. அந்த 'ஸ்டெப்'புக்குப் படிக்கட்டோடு சம்பந்தமில்லை. பழைய ஆங்கிலத்தில் அது இழப்பைக் குறித்த சொல், பெற்றவரை இழந்த பிள்ளைதான் முதல் 'ஸ்டெப்சைல்ட்'.

பணம் பற்றிய பத்தி இருந்தால், மத்திய அரசின் மிஷன் வாத்சல்யா என்ற குழந்தைகள் பாதுகாப்புத் திட்டத்தில் பிள்ளைக்கு மாதம் 4,000 ரூபாய் என்பதையும், விசாரிக்க வேண்டிய இடம் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகு என்பதையும் போட்டிருங்க. 'வாத்சல்யம்' என்பதில் இருக்கும் 'வத்ஸ' கன்றுக்குட்டி. கரிசக்காட்டான் அண்ணாச்சி பட்டிக்கே வந்து சேர்ந்துட்டோம்.

வடக்குரதவீதி:

மிச்சம் ரெண்டாவதும் மூணாவதும். நம்பிக்கையை 'ஃபாஸ்டர்' பண்ணு என்பதற்கு ஆபீஸ் தமிழில் உடனே வந்து விழும் சொல் 'ஊக்குவி'. அதைத் தொடாதீங்க. ஊக்குவிப்பது வெளியே நின்று கை தட்டுவது, ஒருநாள் செய்தாலும் போதும். ஃபாஸ்டரில் தினசரி சோறு போடுவது இருக்கு, விட்டால் வாடிவிடும் என்பதும் இருக்கு. 'வளர்த்தெடு', 'பேணி வளர்' ரெண்டில் ஒண்ணு போதும். 'ஓம்பு' அச்சு அசலாகப் பொருந்தும் சொல், ஆனா விருந்தோம்பலுக்கு வெளியே இன்னைக்கு யாரும் புழங்கல. 'புறந்தருதல்' இன்னும் அழகு. 'ஈன்று புறந்தருதல்' தாயின் கடன் என்று புறநானூறு சொல்லுது, புறந்தருதல்னா பேணி வளர்ப்பது. அதையும் கையேட்டில் போட முடியாது, போட்டால் கோனார் உரை தேவைப்படும்.

மனக்கசப்புக்கு வரும் ஃபாஸ்டர் பலருக்கு இடறும். நல்லதற்கு மட்டும் உரிய சொல் என்று நினைப்பாங்க. சோறு போட்டால் நல்லதும் வளரும், கெட்டதும் வளரும். ஆங்கிலத்தில் வன்மத்தை 'நர்ஸ்' பண்ணுவதும் உண்டு, அதாவது பகைக்குப் பால் கொடுத்து வளர்ப்பது. பாம்புக்குப் பால் வார்ப்பது நமக்குப் புதுசா? நம்ம ஊர்ப் பேச்சில் 'மனசுல வச்சுக் கறுவிக்கிட்டுத் திரியுதான்' என்பது அதேதான். எழுத்தில் 'மனக்கசப்பை வளர்த்துவிடும்' என்று போடுங்க. அந்த 'விடும்' முக்கியம். வேணுமென்று செய்யவில்லை, ஆனாலும் நடந்துவிடும் என்ற எச்சரிக்கை அதில்தான் இருக்கு. 'மனக்கசப்பைப் பேணும்' என்று தப்பித்தவறி எழுதிராதீங்க. பேணுவது நல்லதுக்கு மட்டும்.

கொக்கிரகுளம்:

எல்லாருக்கும் நன்றி. இப்படி மாற்றியிருக்கிறது, பாருங்க.

'வளர்ப்புப் பராமரிப்பு என்பது தத்து அல்ல. குழந்தைகள் நலக் குழு குறிக்கும் காலம் வரை பிள்ளையை வேறொரு குடும்பம் வைத்துப் பார்த்துக்கொள்வது.'

'புதிதாக வந்த பிள்ளைக்கும் வீட்டாருக்கும் இடையே நம்பிக்கை வளர்வதை ஊக்குவித்துப் பேண வேண்டும்.'

'மற்றப் பிள்ளைகளோடு ஒப்பிட்டுப் பேசினால் அது மனக்கசப்பை வளர்த்துவிடும்.'

நாலாவதில் பால்குடித் தாய், பால்குடிச் சகோதரி.

பொதிகைச்சாரல்:

முதல் வரி சரி. 'காலம் வரை' என்பதை 'காலத்துக்கு' ஆக்குங்க, அந்தக் காலம் நீட்டப்படவும் கூடும்.

வடக்குரதவீதி:

ரெண்டாவதில் ஊக்குவி பின்வாசல் வழியா வந்துட்டுது, விரட்டுங்க. பேண வேண்டியதும் வளர்ச்சியை அல்ல, நம்பிக்கையை. 'புதிதாக வந்த பிள்ளை வீட்டாரை நம்பத் தொடங்க நாளாகும். அந்த நம்பிக்கையை நாள்தோறும் பேணி வளர்க்க வேண்டும்.' ஆங்கிலத்தில் ஒரே வாக்கியம்தான், தமிழில் ரெண்டாகட்டும்.